அலகு எழுதாத கட்டணம்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் இலண்டனில் வாழும் எம்மவர் இல்லங்கள் பலவும் விருந்தினர் விடுதிகளாக மாறிவிடுகின்றன. ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் அண்மைக் காலமாக யாழ்ப்பாணத்திலிருந்தும் உறவினர் வந்து இறங்குகிறார்கள். அவர்களை நகரம் பார்க்க அழைத்துச் செல்வது பெரும்பாலும் வீட்டிலுள்ள இளைஞர்களின் பொறுப்பு. வேலைநாள் என்றால் அதற்கும் ஆளில்லை. கையில் ஒரு பயண அட்டையைக் கொடுத்து, நிலக்கீழ் ரயிலின் வரைபடத்தையும் காட்டி அனுப்பிவிடுகிறோம். அவர்கள் மாலையில் லெஸ்ரர் சதுக்கத்தையோ ஒக்ஸ்போர்ட் வீதியையோ அடையும்போது, வண்ண விளக்குகள் மின்ன, பாட்டு முழங்க, செயற்கைப் பூக்களால் அலங்கரிக்கப்பட்ட சைக்கிள் ரிக்ஷா ஒன்று அவர்கள் முன்னே வந்து நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் இதற்குப் பெயர் பெடிக்காப். எம்மவருக்கு அது ரிக்ஷாதான். பிள்ளைகள் ஏறுவோம் என்று அடம்பிடிக்கிறார்கள். எவ்வளவு என்று கேட்டால் "ஐந்து பவுண்" என்று புன்னகையோடு விடை வருகிறது.

அந்த விடையைத்தான் இக்கட்டுரையில் சிறிது ஆராய விரும்புகிறேன். நான் கணித ஆசிரியன் அல்லன். ஊரில் தமிழும் சமூகக்கல்வியும் கற்பித்தவன். ஆயினும் எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் மாணவரின் கொப்பிகளில் சிவப்பு மையால் எழுதும் இரண்டு சொற்கள் இன்றும் நினைவில் உள்ளன: "அலகு எங்கே?" விடை ஐந்து என்று சரியாகவே வந்திருக்கும். ஆனால் ஐந்து என்றால் ஐந்து யாரா, ஐந்து அடியா, ஐந்து படியா? அலகு எழுதாத விடைக்குப் புள்ளி கிடையாது.

ரிக்ஷாச் சாரதி சொன்ன ஐந்து பவுணுக்கு எத்தனை பொருள்கள் உண்டென்று பார்ப்போம். மூவர் ஏறுகிறார்கள், பயணம் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பயணம் முழுவதற்கும் ஐந்து பவுண் என்றால் கட்டணம் 5 பவுண். ஆளுக்கு ஐந்து என்றால் 15. நிமிடத்துக்கு ஐந்து என்றால் 60. ஆளுக்கு, நிமிடத்துக்கு ஐந்து என்றால் 180. ஒரே சொல்லுக்கு நான்கு விலைகள். முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். இந்த நான்கில் எதைச் சாரதி மனத்தில் வைத்திருந்தார் என்பது பயணி இறங்கிய பின்னரே, கடனட்டை இயந்திரத்தின் சிறு திரையில் தெரிய வருகிறது. அவர் பொய் சொன்னார் என்று நிறுவ முடியாது. ஐந்து என்றுதான் சொன்னார். கணக்கிலும் ஐந்துதான் இருக்கிறது.

இது கற்பனைக் கணக்கு அன்று. சென்ற கோடையில் கனடாவிலிருந்து வந்திருந்த எமது உறவினர் குடும்பம் ஒன்று, தாய், தந்தை, பன்னிரண்டு வயது மகள் ஆகிய மூவரும், ஷாவ்ற்ஸ்பரி அவெனியுவில் நாடகம் பார்த்துவிட்டு ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ் நிலையம் வரை ரிக்ஷாவில் சென்றார்கள். ஏறும்போது சொல்லப்பட்ட தொகை எட்டுப் பவுண். ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இறங்கியதும் கேட்கப்பட்ட தொகை 168 பவுண். எட்டை ஏழால் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கிப் பார்த்தால் கணக்குப் பிழையற்றது என்பது தெரியும்! வாக்குவாதம் முற்றி, மகள் அழத் தொடங்க, 100 பவுணைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இரண்டு நாட்களாக இதை எங்களிடம் அவர்கள் சொல்லவேயில்லை. ஏமாந்தோம் என்று சொல்ல ஒரு வெட்கம். அந்த வெட்கமே இத்தொழிலில் தவறு செய்வோருக்குப் பெரும் பாதுகாப்பாக இருந்து வந்திருக்கிறது. உல்லாசப் பிரயாணி முறையிடமாட்டார். முறையிட நினைத்தாலும் மறுநாள் விமானம் ஏறிவிடுவார்.

வெளியே வந்த செய்திகளும் உண்டு. 2015ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒரு மைல் தூரப் பயணத்துக்கு 206 பவுண் கேட்ட ஒரு சாரதியின் வாக்குவாதம் ஒளிப்பதிவாகி நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு மைலை நடந்து கடக்க இருபது நிமிடம் போதும். ஆனால் அது ஒரு மைல்தான் என்பது இந்நகரில் வாழ்பவருக்குத் தெரியுமே தவிர, நேற்று வந்திறங்கியவருக்கு எப்படித் தெரியும்? லெஸ்ரர் சதுக்க நிலையத்துக்கும் கொவென்ற் கார்டன் நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 260 மீற்றர். நிலக்கீழ் ரயிலில் அடுத்தடுத்த இரு நிலையங்களுக்கு இடையே உள்ள ஆகக் குறைந்த தூரம் அதுதான். வரைபடத்தில் பார்த்தாலோ மற்றைய நிலையங்களுக்கு இடையில் உள்ளது போன்ற இடைவெளியே தெரியும். வரைபடத்தை நம்பி ரயில் ஏறுபவரும் உண்டு. ரிக்ஷா ஏறுபவரும் உண்டு.

இங்கே எம்மவர் சிலர் கேட்கக்கூடும்: ஊரில் நாம் பேரம் பேசித்தானே வாடகைக் கார் பிடித்தோம்? அங்கே மீற்றர் இருந்ததா? கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார்களில் மீற்றர் இருந்ததில்லை. பெற்றோல் தடையிருந்த காலத்தில் அவை மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடியபோதும் ஏறுமுன் வாடகை பேசுவதே வழக்கம். ஆனால் அந்தப் பேச்சில் ஓர் அடிப்படை இருந்தது. நல்லூரிலிருந்து சாவகச்சேரி எவ்வளவு தூரம் என்பது இருவருக்கும் தெரியும். எண்ணெய் என்ன விலை விற்கிறது என்பதும் இருவருக்கும் தெரியும். சாரதியின் ஊரும் பயணிக்குத் தெரியும். பயணி யார் வீட்டுப் பிள்ளை என்பதும் சாரதிக்குத் தெரியும். மறுநாளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். இரு பக்கத்தாரும் ஏறத்தாழ ஒரே அளவு அறிந்திருக்கும் இடத்தில் பேரம் பேசுதல் ஒரு நல்ல முறையே. ஒருவருக்கு எல்லாம் தெரிந்து மற்றவருக்கு எதுவுமே தெரியாத இடத்தில் அதற்குப் பேரம் என்று பெயரிடுவது பொருந்தாது.

இத்தனை சட்டதிட்டங்கள் நிறைந்த இந்நாட்டில், பெட்டிக்கடைக்காரர் விற்கும் வாழைப்பழத்துக்கும் விலை எழுதி வைக்க வேண்டிய இந்நாட்டில், இது எப்படி நடந்தது என்ற ஐயம் எழுவது இயல்பு. விடை வினோதமானது. குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், 1869ஆம் ஆண்டில், இலண்டனுக்கென்று பொது வண்டிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது வாடகை வண்டிகளை இரு வகையாகப் பிரித்தது. முழு வண்டியையும் ஒருவர் வாடகைக்கு அமர்த்துவது ஒரு வகை. இன்றைய கறுப்பு டாக்சிகள் அதன் வழித்தோன்றல்கள். பயணிகள் தத்தம் இருக்கைக்குத் தனித்தனியே கட்டணம் செலுத்துவது மற்ற வகை. அது இன்றைய பஸ் வண்டியின் மூதாதை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, இலண்டன் சைக்கிள் ரிக்ஷாக்கள் அனுமதிப்பத்திரம் இல்லாத டாக்சிகளே என்று டாக்சித் தொழிலைச் சேர்ந்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2003ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ரிக்ஷாவில் ஏறும் ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கட்டணம் அறவிடப்படுவதால், 1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது டாக்சி வகையைச் சேராது என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

இதன் விளைவை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவதுதான் பயணியைக் குழப்புகிறது. அதே ஆள்வாரிக் கட்டணம்தான் ரிக்ஷாவை டாக்சிச் சட்டத்தின் பிடியிலிருந்தும் காப்பாற்றியது. நோய்க்குக் காரணமான கிருமியே வைத்தியருக்கும் கதவைச் சாத்திவிட்டது. இங்கிலாந்தின் ஏனைய நகரங்களில் இத்தகைய வண்டிகள் டாக்சியாகக் கருதப்பட்டு உள்ளூர் சபைகளின் அனுமதிக்கு உட்பட்டிருந்தன. தலைநகரில் மட்டும் சாரதிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, வண்டிக்குப் பரிசோதனை இல்லை, கட்டணத்துக்கு வரையறை இல்லை. உல்லாசப் பிரயாணிகள் மிகுதியாகக் கூடும் நகரம் எதுவோ அந்நகரமே விதிவிலக்காக இருந்தது.

இந்த ஓட்டையை அடைக்கப் பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலங்கள் கொண்டுவரப்பட்டு நேரமின்மையால் கைவிடப்பட்டன. ஈற்றில் அரசாங்கமே சட்டமூலத்தைச் சமர்ப்பித்து, 2024 ஏப்ரில் 25ஆம் திகதி இலண்டன் பெடிக்காப் சட்டம் அரச அங்கீகாரம் பெற்றது. சாரதிக்கும் வண்டிக்கும் வண்டிகளை நடத்துவோருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கவும், கட்டணம், காப்புறுதி, இரைச்சல், நிறுத்துமிடம் ஆகியன பற்றி விதிகள் வகுக்கவும் இலண்டன் போக்குவரத்துச் சபைக்கு அச்சட்டம் அதிகாரம் அளித்தது. சட்டம் தானே கட்டணத்தை நிர்ணயிக்கவில்லை. நிர்ணயிக்கும் பேனாவைச் சபையின் கையில் கொடுத்தது. எனவே சட்டம் வந்துவிட்டது என்பதோடு இவ்விடயம் முடிந்துவிடவில்லை. எந்த அலகில் கட்டணம் எழுதப்படுகிறது என்பதே முக்கியமானது. இதில் நாம் நியூயோர்க் நகரின் அனுபவத்தைப் பார்ப்பது நன்று.

அந்நகரில் மான்ஹற்றன் பகுதியிலும் மத்திய பூங்காவிலும் சைக்கிள் ரிக்ஷாக்கள் மிக அதிகம். அங்கு 2009 முதலே அனுமதிப்பத்திர முறை நடைமுறைக்கு வந்தது. வண்டிகளின் தொகைக்கும் 850 என்ற எல்லை வைக்கப்பட்டது. ஆயினும் கட்டணக் குழப்பம் தீரவில்லை. ஒருவர் ஆளுக்கு இவ்வளவு என்பார். ஒருவர் தெருக்கட்டுக்கு இவ்வளவு என்பார். வேறொருவர் இரண்டையும் கூட்டுவார். அந்நகரின் குறுக்குத் தெருக்களுக்கு இடையே உள்ள தூரம் குறைவு. நெடுந்தெருக்களுக்கு இடையே உள்ள தூரம் அதிகம். வெளியூரார் இதை அறியார். 2012ஆம் ஆண்டுக் கோடையில் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் 14 தெருக்கட்டுப் பயணத்துக்கு 442 டொலர் அறவிடப்பட்ட செய்தி பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. வடக்குத் தெற்காக இருபது தெருக்கட்டுகள் சேர்ந்தால்தான் அங்கே ஒரு மைல் என்பதை நினைவிற் கொண்டால் இதன் அநியாயம் விளங்கும்.

அதன் பின் அந்நகர மன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. ஆள் கணக்கு, தெருக் கணக்கு எல்லாவற்றையும் நீக்கி, நிமிடக் கணக்கு ஒன்றே இருக்க வேண்டும். கட்டணம் வண்டியில் எழுதப்பட வேண்டும். பயணி பார்க்கக்கூடிய கடிகாரம் ஒன்று ஓட வேண்டும். நல்ல முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அலகு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் நிமிடத்துக்கு எத்தனை டொலர் என்பதற்கு அச்சட்டம் உச்சவரம்பு விதிக்கவில்லை. அதைவிட ஆழமான குறை ஒன்றும் இருந்தது. நிமிடத்துக்கு ஆறு டொலர் என்று எழுதியிருப்பதைப் பயணி வாசிக்கிறார், சரி. எத்தனை நிமிடம் ஆகும் என்பது அவருக்குத் தெரியுமா? பெருக்கல் கணக்கில் ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் விடை காண்பது எவ்வாறு? மறைக்கப்பட்ட அந்த எண்ணோ சாரதியின் காலில் இருக்கிறது. மெதுவாக மிதித்தால் கூடுதல். சுற்றிப் போனால் கூடுதல். சிவப்பு விளக்கில் நின்றால் அதற்கும் கூடுதல். நேர்மையான சாரதி விரைந்து கொண்டுபோய்ச் சேர்த்தால் அவருக்கே நட்டம். தொழிலைச் செம்மையாகச் செய்பவரைத் தண்டித்து, இழுத்தடிப்பவருக்குப் பரிசு கொடுக்கும் அலகு ஒன்று நல்ல அலகாகாது.

டாக்சியிலும் நேரத்துக்குக் கட்டணம் உண்டே என்று சிலர் வாதிடலாம். உண்டு. ஆனால் இலண்டன் டாக்சி மீற்றர் தூரத்தையும் நேரத்தையும் சேர்த்தே கணிக்கிறது. வீதி திறந்திருந்தால் தூரமும், நெரிசலில் நேரமும் கணக்கை நகர்த்துகின்றன. அந்த மீற்றர் முத்திரையிடப்பட்டது. சாரதி தொட முடியாதது. கட்டண வீதத்தைப் போக்குவரத்துச் சபை நிர்ணயிக்கிறது. இந்நகரில் 1907ஆம் ஆண்டிலேயே மீற்றர் கட்டாயமாக்கப்பட்டது. டாக்சி என்ற பெயரே அந்தக் கருவியின் பெயரிலிருந்து வந்ததுதான். வண்டிக்குப் பெயராகிவிடும் அளவுக்குக் கட்டணத்தை அளக்கும் கருவி முக்கியத்துவம் பெற்றது.

சாரதிகளின் பக்கத்தையும் பார்க்கத் தவறக்கூடாது. வெஸ்ட்மின்ஸ்ரர் வாசிகளும் டாக்சிச் சங்கத்தாரும் பேசுவதைக் கேட்டால் ரிக்ஷா ஓட்டுவோர் அனைவரும் வழிப்பறிக்காரர் என்று தோன்றும். டாக்சித் தொழிலாருக்கு இதில் சொந்த இலாபமும் உண்டென்பதை மறக்கலாகாது. ரிக்ஷா ஓட்டுவோருட் பலர் பிற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வண்டி பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமில்லை. வாரவாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வாரமுடிவில் வாடகை கொடுத்தாக வேண்டும். நாடகசாலைகள் இரவு பத்து மணியளவில் கலையும்வரை குளிரில் காத்திருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் வெறுமையாகச் சுற்றியவரிடம் ஒரு குடும்பம் ஏறும்போது, அந்த ஐந்து மணி நேரத்தின் கூலியையும் அவர்கள் தலையிலேயே சுமத்தும் எண்ணம் வருகிறது. வந்த சூழல் விளங்குகிறது, செயல் நியாயமாகிவிடவில்லை.

எம்மவரின் முதல் தலைமுறையும் இந்நாட்டில் இத்தகைய தொழில்களிலேதான் கால் ஊன்றியது. நான் பெற்றோல் நிலையத்தில் இரவுவேலை செய்த ஆண்டுகள் சில. அங்கே நிலையத்தின் பெயரைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருந்தது பெற்றோலின் விலை. லீற்றருக்கு இத்தனை பென்ஸ் என்று, தசமப்புள்ளி உட்பட. வாசலுக்குள் திரும்புமுன்னரே, காரில் இருந்தபடியே சாரதி அதை வாசித்துவிடுவார், பிடிக்காவிட்டால் போய்விடுவார். விலை பற்றி நள்ளிரவில் எவரும் என்னோடு சண்டை பிடித்ததில்லை. விலை அதிகம் என்று முணுமுணுத்தவர் உண்டு. ஏமாற்றிவிட்டாய் என்று ஏசியவர் இல்லை. தெளிவாக எழுதப்பட்ட விலை வாங்குபவரை மட்டுமன்றி விற்பவரையும் காக்கிறது என்பதை அந்த நிலையத்திலேதான் கண்டேன். நேர்மையாகத் தொழில் செய்யும் ரிக்ஷாக்காரர், முன்னால் சென்றவர் செய்த அநியாயத்துக்காக வசை கேட்கிறார். தங்களுக்கு அனுமதிப்பத்திர முறை வேண்டுமென்று இத்தொழிலில் உள்ளவர்களே சிலர் கேட்டு வந்ததன் காரணமும் இதுதான்.

ஆகவே மலிவான கட்டணம் வேண்டும் என்பது என் வாதமன்று. மூவரை ஏற்றிக்கொண்டு சோஹோவின் ஒடுங்கிய தெருக்களில் கால்மணி நேரம் மிதிப்பது கடின உழைப்பு. மின்மோட்டார் துணைநின்றாலும் அது உழைப்பே. அதற்கு முப்பது பவுணோ நாற்பது பவுணோ கேட்டால், கேட்கட்டும். ஆனால் சக்கரம் உருளுமுன் கேட்கட்டும். மனிதக் கணக்கும் நிமிடக் கணக்கும் இன்றி, இந்த வண்டியில் இந்த இடத்துக்கு மொத்தமாக இவ்வளவு என்று ஒரே ஒரு தொகை சொல்லப்பட வேண்டும். அதை வாயால் சொல்லாமல், கடனட்டை இயந்திரத்திலோ அச்சிட்ட அட்டையிலோ எழுத்தில் காட்ட வேண்டும். இறங்கும்போது அதற்கு மேல் ஒரு பென்ஸ் தானும் கேட்கக்கூடாது. இடம் குறிப்பிடாமல் நகரைச் சுற்றிப் பார்க்க ஏறுபவர்களுக்கு மட்டும் நேரக் கட்டணம் பொருந்தும். அங்கும் அரை மணி என்றால் அரை மணிக்கான முழுத்தொகை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வீதி நெரிசலை முன்கூட்டி அறிய முடியாதே, மொத்தத் தொகை சொல்வது எப்படி என்று சாரதிகள் கேட்பார்கள். மினிகாப் ஓட்டும் எம்மவரைக் கேட்டுப் பார்க்கட்டும். ஹீத்ரோ விமான நிலையத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டுத்தான் அவர்கள் புறப்படுகிறார்கள். வழியில் விபத்து நேர்ந்து ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பேசிய தொகைதான். பதினைந்து மைலுக்கு மொத்தத் தொகை சொல்ல முடியுமென்றால் ஒரு மைலுக்குச் சொல்ல முடியாதா? நெரிசல் வரலாம், வராமலும் போகலாம்; அந்த ஐயத்தின் சுமையை யார் தாங்குவது என்பதுதான் கேள்வி. தினமும் அதே தெருக்களில் ஓட்டுபவர் தாங்குவதா, வாழ்க்கையில் முதன்முறை அத்தெருவைப் பார்ப்பவர் தாங்குவதா? வீதியை அறிந்தவரே அதைத் தாங்க வேண்டும். போக்குவரத்துச் சபையின் விதிகள் எந்த வடிவில் வந்தாலும் அவற்றை உரைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. நிமிடத்துக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது கொள்ளையைக் குறைக்கும், குழப்பத்தைக் குறைக்காது. ஏறிய ஒவ்வொருவருக்கும் மேலதிகமாக வாங்கலாம் என்று விட்டுவைத்தால், 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமாக இருந்த பழைய ஆள்வாரிக் கணக்கு வேறொரு வாசலால் உள்ளே வந்துவிடும்.

இன்னொன்றையும் எமது சமூகத்தவர் கவனிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் என்று வரும்போது தொழில் செய்யும் உரிமை பற்றிய சோதனையும் உடன் வருகிறது. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருப்போர், ஓராண்டு கடந்த பின்னரும் அரசு வகுத்த பட்டியலில் உள்ள தொழில்களுக்கே அனுமதி கேட்க முடியும் என்ற நிலை இந்நாட்டில் நீண்டகாலம் இருந்து வந்தது. அப்படிப்பட்டவர்கள் இரவில் களவாக ரிக்ஷா மிதித்தால் அகப்படுவது அவர்கள்தான். வாரந்தோறும் வாடகை வாங்கிய வண்டிச் சொந்தக்காரர் வீட்டில் நித்திரையில் இருப்பார். சட்டம் வண்டிகளை நடத்துவோருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்க இடமளித்திருக்கிறது. அதைக் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும். வண்டியின் இலக்கத் தகட்டோடு சொந்தக்காரரின் பதிவிலக்கமும் எழுதப்பட வேண்டும். அநியாயக் கட்டணம் பற்றிய முறைப்பாடு அவருடைய அனுமதிப்பத்திரத்தையும் பாதிக்க வேண்டும். அப்போது தம்மிடம் வண்டி எடுப்பவர் என்ன விலை சொல்கிறார் என்பதில் அவருக்கும் அக்கறை பிறக்கும். வாரவாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதிலும் ஒரு நிதானம் வரும்.

விருந்தினர் வரவிருக்கும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ரிக்ஷாவில் ஏற வேண்டாம் என்று அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது மகிழ்ச்சியான அனுபவம். தேம்ஸ் நதியோரம் விளக்கொளியில் போவது பெரியவர்களுக்கும் பிடிக்கும். பயண அட்டையைக் கொடுக்கும்போதே, ஏறுமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். போக வேண்டிய இடத்தின் பெயரைச் சொல்லி, எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அங்கே போய் இறங்கும்வரை மொத்தம் எவ்வளவு என்று கேட்க வேண்டும். சொல்லப்படும் தொகையைக் கைத்தொலைபேசியில் எண்ணாக எழுதி, சாரதிக்குக் காட்டி, அவர் தலையசைத்த பின் ஏற வேண்டும். வண்டியின் பின்புறத்தையும் அதன் இலக்கத்தையும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் அப்படி ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. இந்த ஆண்டு வந்த விருந்தினர் மூவர் அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுள் ஒருவரிடம் சாரதி 35 பவுண் கேட்டிருக்கிறார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொவென்ற் கார்டன் வரை நடந்து போயிருக்கிறார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லையாம்.